காட்டுக் காவலுக்கு ஒரு மரோனைட் தேவை

அஜ்வத் காட்டுக் காவலர் தேர்வில் முதலாவதாக வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. காடு இருந்த இடத்தில் இருந்தது. காலியிடமும் காலியாகவே இருந்தது. நியமன ஆணைதான் வரவில்லை.

அவனுக்கு நிச்சயமான பெண் லமீஸ். லமீஸின் அப்பா நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கு ஒரு எல்லை வைத்திருந்தார். "ஆப்பிள் பறிச்சு முடியிற வரைக்கும் பார்ப்பேன் தம்பி. அதுக்குள்ள அரசாங்கச் சம்பளம் வந்தா கல்யாணம். இல்லேன்னா வெனிசுவேலாவுல கடை வெச்சிருக்கிற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பையனை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அஜ்வத்துக்கு அவன் மேல் கடும் வெறுப்பு உண்டாகிவிட்டது.

மலையிலிருந்து இறங்கி, தலைநகர் பெய்ரூட்டுக்குப் போய் விசாரித்தபோது, அந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"வேலை ரெண்டு. பாஸ் பண்ணினவங்க ரெண்டு பேர். ரெண்டு பேருமே ட்ரூஸ். கிறிஸ்தவர் பக்கம் ஒருத்தர்கூட இல்லை. சமநிலை எங்கே தம்பி?"

"எங்க ஊர்க் காட்டுக்குத்தானே சார் காவல்? அங்க இருக்கிறது ஓக் மரம்."

"மரம் யாரா இருந்தா எனக்கென்ன? காவல்காரன் யாருங்கிறதுதான் கேள்வி."

"கிறிஸ்தவங்க பாதி, மத்தவங்க பாதிங்கிறது மேல்பதவிக்கு மட்டும்தான்னு சட்டத்துல இருக்குன்னாங்களே?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு. கையெழுத்துப் போடுறவர் வயித்துல பயம் இருக்கே. போன மாசம் ஒரு ஆபீசுக்கு ஒரே பிரிவு ஆளா ரெண்டு பியூன் போட்டோம். நாலு தொலைக்காட்சியில விவாதம் நடந்துச்சு." குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "உன் கூடப் பாஸ் பண்ணினவன் வெறுத்துப்போய் அபுதாபிக்கு வண்டி ஓட்டப் போயிட்டான். அந்த ஒரு இடத்துக்கு மறுதேர்வு வருது. ஒரு மரோனைட் வந்து எழுதிப் பாஸ் பண்ணிட்டான்னா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கையெழுத்து. இல்லேன்னா இந்த வருஷத்தோட ரெண்டு இடமும் ரத்து."

"கிறிஸ்தவர்னா போதாதா? ஆர்த்தடாக்ஸ் ஒருத்தரைத் தெரியும்."

"ஆர்த்தடாக்ஸுக்குத் துறைமுகத்துல ஒண்ணு குடுத்தாச்சு. மரோனைட்தான் வேணும். கிடைச்சா கூட்டிட்டு வா."

அஜ்வத் மலைக்குத் திரும்பினான். அவன் ஊர் ஸிந்தியானே, முழுக்க ட்ரூஸ். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஐன் லௌஸ், முழுக்க மரோனைட். முழுக்க மரோனைட் என்பது எண்பத்து மூன்று வரைக்கும். அதற்குப் பிறகு அங்கே முழுக்க முட்செடிதான். உள்நாட்டுப் போர் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மாதா கோயிலைப் புதுப்பித்து மணி மாட்டியிருந்தார்கள். வெயில் காலத்தில் சில கிழவர்கள் வந்து காற்று வாங்கிவிட்டு, திராட்சை பறித்ததும் பெய்ரூட்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

வீட்டில் அவன் அப்பா மாத்தே இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். மூத்த பிள்ளையின் பெயரால் ஊரே அவரை அபூ அஜ்வத் என்றும் அம்மாவை உம்மு அஜ்வத் என்றும்தான் கூப்பிடும். மாத்தேக் குழலை வாயிலிருந்து எடுக்காமலே கதையைக் கேட்டார்.

"மரோனைட்டா? இங்க எங்கேடா மரோனைட்?"

"எதிர்த்தாப்புல இருந்தாங்களேப்பா. நீங்கதானே துரத்தினீங்க."

"சும்மாவா துரத்தினோம்? அந்தப் பக்கம் நம்ம ஆளுங்களை அவங்க துரத்தலையா? யாரு முதல்ல ஆரம்பிச்சதுன்னு..."

"ஒருத்தனையாவது விட்டு வெச்சிருக்கலாம்" என்றாள் உள்ளேயிருந்து அம்மா. "பிள்ளைக்கு உதவியிருக்கும்."

அடுத்த நாளிலிருந்து அஜ்வத் மரோனைட் தேடத் தொடங்கினான். பெண் தேடுவதைவிட அது கடினமாக இருந்தது. கடற்கரை நகரமான ஜூனியேயில் இருந்த ஒருவன், காட்டுக் குடிசையில் ஏசி உண்டா என்று கேட்டான். இன்னொருவன் ஆர்வமாகப் பேசினான். பேச்சு முடியும்போதுதான் தெரிந்தது, அவன் மான்ட்ரியால் விமான நிலையத்தில் இருந்துகொண்டு பேசுகிறான் என்று. கடைசியில் ஐன் லௌஸின் முக்தாரைப் பிடித்தான். ஐன் லௌஸுக்கு ஊர்த்தலைவர் என்று ஒருவர் உண்டு. ஊர்தான் இல்லை என்பதால், அவர் பெய்ரூட்டில் ஃபுர்ன் எல் ஷெப்பாக்கில் லாட்டரிக் கடை வைத்து அங்கிருந்தே தலைமை தாங்கினார்.

"வயசு வரம்பு இருக்கு, கல்யாணம் ஆகக்கூடாது, வேலை இருக்கக்கூடாது, கனடா விசாவும் இருக்கக்கூடாது" என்று முக்தார் விரல் விட்டுக் கழித்துக்கொண்டே வந்தார். "தன்னூஸ்தான். மூணு தடவை விசா கேட்டு மூணு தடவையும் இல்லேன்னுட்டாங்க. உனக்குன்னே கடவுள் விட்டு வெச்சிருக்கார்."

தன்னூஸுக்கு முப்பது வயது. தலைக்கு ஜெல், சற்றே தொப்பை, மூடிப்போன ஒரு செல்போன் உறைக் கடையின் முன்னாள் முதலாளி. குடும்பம் ஊரை விட்டு ஓடிவந்த அடுத்த வருடம் பெய்ரூட்டில் பிறந்தவன். ஐன் லௌஸுக்கு அவன் போவது ஓட்டுப் போட மட்டும். கட்சி ஏற்பாடு செய்த பேருந்தில் ஏறி, ஓட்டைப் போட்டு, கட்சி கொடுத்த சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, அதே பேருந்தில் திரும்பிவிடுவான்.

"காட்டுல என்ன வேலை?" என்று கேட்டான் தன்னூஸ்.

"நடக்கணும்."

"எங்கே?"

"காட்டுலதான்."

"அப்புறம்?"

"திரும்பி நடக்கணும். யாராவது மரம் வெட்டினா எழுதணும்."

"வெட்டாட்டி?"

"எழுத வேணாம்."

தன்னூஸ் யோசித்தான். "அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் குடுக்குமா?"

"குடுக்கும்."

"அப்ப எனக்குச் சரி மச்சான். ஆனா அம்மாகிட்ட கேட்கணும்."

"முப்பது வயசுலயா?"

"நீ உன் கல்யாணத்துக்கு யார்கிட்ட கேட்டுக்கிட்டு அலையிற?"



தன்னூஸின் அம்மா முதலில் முடியாது என்றாள். பிறகு மாட்டேன் என்றாள். ஒரு வாரம் கழித்து, மகன் மூலமாக ஒரு செய்தி அனுப்பினாள். "என் பிள்ளை அந்த மலைக்குப் போகணும்னா, எங்களைத் துரத்தினவங்களே வந்து முறைப்படி கேட்கட்டும்."

"கிழவிகிட்ட போய் நான் கை கட்டி நிக்கணுமா?" என்று அபூ அஜ்வத் குதித்தார். "எண்பத்து மூணுல நான் யாரு தெரியுமா?"

"தெரியும், ஒல்லியா இருந்தீங்க" என்றாள் உம்மு அஜ்வத். "அந்தக் கோட்டைப் போடுங்க. பொத்தான் மாட்டாட்டி பரவாயில்லை."

மூன்று பேரும் ஒரு தட்டு பேரீச்சைப் பணியாரம் வாங்கிக்கொண்டு பெய்ரூட்டுக்கு இறங்கினார்கள். அன்றைக்கு மின்சாரம் இல்லாத நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்ததால் லிப்ட் ஓடவில்லை. நாலு மாடி ஏறியதும் அபூ அஜ்வத் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இந்த உயரத்துல இருந்தா எங்களையே சுட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். உம்மு அஜ்வத் அவர் காலை மிதித்தாள்.

உம்மு தன்னூஸ் ஒல்லியான பெண்மணி. ஒரு கையில் சிகரெட், மறு கையில் காபித் தட்டு. மூன்று கோப்பைகளை மூவர் முன்னால் வைத்தாள். மூவரும் தொடவில்லை. பெண் கேட்கப் போனாலும் சரி, கொலைப் பகைக்கு ராஜி பேசப் போனாலும் சரி, கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டார் சொல்லும்வரை காபியில் வாய் வைப்பதில்லை. பள்ளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதுதான் முறை.

"குடிங்க" என்றாள் அவள், குடிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே.

"வந்த காரியம் ஆகட்டும் உம்மு தன்னூஸ்" என்றார் அபூ அஜ்வத். காரில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தார். "உங்க பிள்ளையை எங்க காட்டுக்கு, அதாவது நம்ம காட்டுக்கு, எங்க பிள்ளை மாதிரி வெச்சு..."

"என் வீட்டுக் கதவு எங்கே?"

அபூ அஜ்வத் காபிக்குள் பார்த்தார்.

எந்தக் கதவு என்று அஜ்வத் நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது. தன் வீட்டு வாசல் கதவு. வாதுமை மரம், திராட்சைக் கொத்து செதுக்கியது, அந்த வீட்டுக்குச் சற்றும் பொருந்தாதது. சிமெண்டுப் பெட்டி மாதிரி இருக்கும் வீட்டுக்கு முன்னால் அது ராஜா மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

"டமாஸ்கஸ்லேர்ந்து வந்ததுன்னு சொன்னீங்களேப்பா?"

"டமாஸ்கஸும் அந்தப் பக்கம்தானேடா" என்றார் அப்பா மெல்ல. பிறகு நிமிர்ந்தார். "என்கிட்டதான் இருக்கு. நான் எடுக்காட்டி வேற எவனாவது அடுப்புல வெச்சிருப்பான். வருஷா வருஷம் எண்ணெய் போட்டுட்டு வர்றேன்."

"அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?"

"சொல்ல வேணாம். கதவு நல்லா இருக்குன்னு சொல்றேன்."

"திறக்கும்போது கிரீச்சுனு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்" என்று உம்மு அஜ்வத் குறுக்கிட்டாள்.

உம்மு தன்னூஸ் அவள் பக்கம் திரும்பினாள். "அப்பவும் வரும். எங்க வீட்டுக்காரர் சீட்டாடிட்டு எத்தனை மணிக்கு வந்தார்னு எனக்குத் தெரியுமே."

"இவருக்கும் அதேதான்! ஜன்னல் வழியா ஏறி வந்து பார்த்தார் ஒரு தடவை, இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் உம்மு தன்னூஸ் சிகரெட்டை அணைத்தாள்.

"என் கொழுந்தன் எலியாஸ். மாட்டுக்குத் தீனி வெச்சுட்டு வர்றேன்னு தங்கினான். வரலை. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது" என்றார் அபூ அஜ்வத். "நான் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தேன். கதவுக்காகத்தான் வந்தேன். என் தம்பியும் அந்த வாரம்தான் போனான், கீழே ரோட்டுல. அதை யார்கிட்ட கேட்கிறதுன்னு எனக்கும் தெரியலை."

தெருவில் ஒரு ஜெனரேட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. தன்னூஸ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"கதவு என் வீட்டுல இருக்கணும்" என்றாள் உம்மு தன்னூஸ்.

"அம்மா, அந்த வீட்டுக்குக் கூரையே இல்லையே" என்றான் தன்னூஸ். உண்மைதான். திரும்பிப் போய்க் கட்டிக்கொள்ள அரசு கொடுத்த பணத்தில் முதல் தவணைக்குத் தரையும் சுவரும் வந்தன. இரண்டாவது தவணை வரவில்லை.

"கூரையை நான் கேட்டேனா? காபி ஆறிப்போச்சு. குடிங்க."

மூவரும் பச்சைத்தண்ணீராகிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்கள். "பிரமாதம்" என்றார் அபூ அஜ்வத்.

ஞாயிற்றுக்கிழமை கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. "ஜன்னலையும் அப்பவே எடுத்திருந்தா இப்ப வெளிச்சமாவது இருந்திருக்கும்" என்றாள் உம்மு அஜ்வத், வாசலில் தொங்கிய போர்வையைப் பார்த்து. கதவோடு பள்ளத்தைச் சுற்றி ஐன் லௌஸுக்குப் போனார்கள். உம்மு தன்னூஸும் மகனும் அங்கே வந்து காத்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு சங்கடம் வெளிப்பட்டது. தன் வீட்டு வாசலுக்குப் பொருந்துவதற்காக அபூ அஜ்வத் அடியில் ஒரு சாண் அறுத்திருந்தார். நிலையில் மாட்டியதும் கீழே பூனை தாராளமாகப் போய்வரும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"குட்டையாக்கிட்டீங்களே" என்றாள் உம்மு தன்னூஸ்.

"நீங்க திருப்பிக் கேட்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா வாசலை உயர்த்தியிருப்பேன்."

அவள் கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பெரிய சாவியை எடுத்தாள். ஊரை விட்டு ஓடிய காலையில் பூட்டிக்கொண்டு கிளம்பிய சாவி. பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள்.

அபூ அஜ்வத் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... நான் பூட்டை மாத்திட்டேனே. பழசு சரியில்லை."

"உடைச்சது யாரு?"

"அதான் சொல்றேன், சரியில்லை." தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

உம்மு தன்னூஸ் புதுச் சாவியால் கதவைத் திறந்தாள். கிரீச் என்றது. உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லோரும் வெளியே நின்றார்கள். ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் ஓட்டைகள். எட்டிப் பார்த்தாலே போதும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வெகுநேரம் ஆயிற்று. தன்னூஸ் செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். உம்மு அஜ்வத் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தட்டினாத்தானே திறக்க முடியும்? இல்ல, தட்டுற பழக்கமே உங்க ஊர்ல இல்லையா?"

எல்லோரும் அபூ அஜ்வத்தைப் பார்த்தார்கள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய், முப்பது வருடம் தன் வீட்டில் இருந்த கதவை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினார்.

"யாரு?"

"நான்தான்... ஸிந்தியானேயிலேர்ந்து. அபூ அஜ்வத்."

"உள்ளே வாங்க."

அதன்பிறகு தன்னூஸை மரோனைட்டிலிருந்து காட்டுக் காவலராக்கும் வேலை மிச்சமிருந்தது. அவனுக்கு மரம் என்றால் பச்சையாக இருப்பது. அஜ்வத் வாரத்துக்கு மூன்று நாள் பெய்ரூட்டுக்குப் போய்ப் பாடம் எடுத்தான். இலைகளைக் கொண்டுபோய் மேசையில் பரப்பினான். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் தன்னூஸே ஒரு வழி கண்டுபிடித்தான். ஓக் என்றால் மூன்றாம் மாடி பியேர் மாமா, குட்டையாக, பரந்து, அசையாமல் இருப்பவர். பைன் என்றால் முக்தார், நெட்டையாக, உச்சியில் மட்டும் கொஞ்சம் முடி. தேவதாரு என்றால் அம்மா.

"தேர்வுல அப்படி எழுதி வெச்சிடாதடா" என்று அஜ்வத் கெஞ்சினான்.

தன்னூஸ் எழுதவில்லை. பாஸ் மட்டும் பண்ணினான், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு. ஆப்பிள் மரங்களில் கடைசிக் கூடைகள் நிறைந்துகொண்டிருந்த வாரத்தில் ஆணை கையெழுத்தாகி வந்தது. ஒரே காகிதம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெயர். லமீஸின் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முதல் சம்பளம் கையில வரட்டும். அன்னைக்கே தேதி" என்றார். வெனிசுவேலாப் பையனைப் பற்றி அன்றோடு பேச்சு நின்றது.

இருவருக்கும் பச்சைச் சீருடை வந்தது, விசில் வந்தது, பூட்ஸ் வந்தது. துப்பாக்கி மட்டும் ஒன்றுதான் வந்தது.

செய்தி காற்றைவிட வேகமாகப் பரவியது. "அவங்க கையில துப்பாக்கியைக் குடுக்கவா நான் கதவைக் குடுத்தேன்?" என்றார் அபூ அஜ்வத். "என் பிள்ளை முதுகுக்குப் பின்னால துப்பாக்கியோட ஒரு ட்ரூஸ் நடக்கிறதா?" என்று உம்மு தன்னூஸ் தொலைபேசியில் கத்தினாள். "முன்னால நடக்கச் சொல்லு!" முன்னால் நடந்தால் அஜ்வத்தின் முதுகு என்ன ஆவது என்று அபூ அஜ்வத் திருப்பிக் கேட்டார். பெரியவர்கள் இருவரும் இப்போது நேரடியாகவே பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள், சண்டை போடத் தூது தேவைப்படவில்லை.

விஷயம் இரண்டாம் மாடிக் குமாஸ்தாவிடம் போனது. அவர் அனுபவசாலி. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "துப்பாக்கி ஒருத்தன்கிட்ட. தோட்டா இன்னொருத்தன்கிட்ட. மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்குங்க" என்று எழுதி முத்திரை வைத்தார். எல்லோருக்கும் திருப்தி.

முதல் மாதம் துப்பாக்கி அஜ்வத்துக்கு, தோட்டா தன்னூஸுக்கு. வேலை தன்னூஸுக்குப் பிடித்துப் போயிற்று. நடந்தார்கள், திரும்பி நடந்தார்கள். மரம் வெட்ட யாரும் வரவில்லை. மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், தன்னூஸ் ஒதுங்கப் போன இடத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. அஜ்வத் ஓடிப்போய்ப் பார்த்தால் அவன் மரத்தின் மேல் இருந்தான். சற்று தள்ளி ஒரு பெண் காட்டுப்பன்றி, பின்னால் வரிவரியாக அரை டஜன் குட்டிகள். பன்றி அஜ்வத்தைப் பார்த்தது. அஜ்வத் துப்பாக்கியை நீட்டினான். நீட்டினதில் ஒரு பயனும் இல்லை என்பது பன்றிக்கும் தெரிந்த மாதிரி இருந்தது.

"தோட்டாவை வீசுடா!"

"வீச முடியாது. தோட்டா என் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"டேய், குத்திக் கொன்னுடும்டா!"

"துப்பாக்கியை மேல நீட்டு, நான் போட்டுத் தர்றேன்."

அஜ்வத் தயங்கினான். துப்பாக்கியை ஐன் லௌஸ்காரன் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கீழே நிற்பதா? அப்பா இப்போது பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியும். பன்றி ஒரு அடி முன்னால் வந்தது. அஜ்வத் கட்டைப் பக்கத்தை மேலே நீட்டினான். தன்னூஸ் வாங்கிக்கொண்டான். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இதை எப்படித் திறக்கிறது?"

"உனக்குத் தெரியாதா? உங்க ஆளுங்க பிறக்கும்போதே துப்பாக்கியோட பிறக்கிறவங்கன்னு எங்கப்பா சொல்வாரே!"

"எங்கம்மாவும் உங்களைப் பத்தி அதையேதான் சொல்லும். நான் போன் கவர் வித்தவன்டா."

பன்றி ஓடிவந்தது. அஜ்வத் எப்படி ஏறினான் என்று அவனுக்கே பிற்பாடு ஞாபகமில்லை. தன்னூஸ் காலரைப் பிடித்து மேலே இழுத்தது மட்டும் ஞாபகமிருந்தது. ஒரே கிளையில் இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கீழே தாயும் குட்டிகளும் நிதானமாக ஓக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தன.

"எங்க பக்கம் இதை ஒயின்ல ஊறப்போட்டுச் சமைப்பாங்க" என்றான் தன்னூஸ் ஏக்கத்துடன்.

"முதல்ல இறங்கு, அப்புறம் சமை."

"எவ்வளவு நேரம் இருக்கும் இது?"

"வயிறு நிறையிற வரைக்கும்."

அப்போது அஜ்வத்தின் செல்போன் அடித்தது. லமீஸின் அப்பா.

"மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க?"

முதல் தடவையாக மாப்பிள்ளை என்று சொல்கிறார். அஜ்வத் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டான். "டியூட்டியில மாமா."

"சம்பளம் ஏறிடுச்சாமே? பேங்க்ல என் மச்சினன் சொன்னான். அதான், மண்டபம் பேசலாம்னு... என்ன அங்க உறுமுற சத்தம்?"

"கூட வேலை பாக்கிறவர் மாமா."

தன்னூஸ் முறைத்தான்.

"அந்த மரோனைட்டா? துப்பாக்கி அவன்கிட்ட போயிடாம பாத்துக்குங்க மாப்பிள்ளை. நம்ம ஊர்ல எல்லாருக்கும் அதுதான் கவலை."

அஜ்வத் பார்த்தான். துப்பாக்கி தன்னூஸின் மடியில் இருந்தது. தோட்டாக்கள் தன்னூஸின் பையில் இருந்தன. தன்னூஸின் ஒரு கை, அஜ்வத் விழுந்துவிடாமல் அவன் இடுப்புவாரைப் பிடித்திருந்தது.

"பத்திரமா இருக்கு மாமா" என்றான். "நீங்க மண்டபத்தைப் பேசுங்க."

மாமா திருப்தியடைந்து எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கணக்குப் போட ஆரம்பித்தார். கீழே பன்றி மரத்தடியில் சாய்ந்து படுத்துக்கொண்டது. குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கின.